பிள்ளைகளோடு எழும்பூர் மியூசியம்: கிளம்புவதிலிருந்து வீடு திரும்புவது வரை

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். உள்ளே நுழையும்போது எல்லோர் முகத்திலும் உற்சாகம் இருக்கும், ஒன்றரை மணி நேரத்தில் சின்னது தரையில் உட்கார்ந்துவிடும், பெரியது செல்போன் கேட்கும், அப்பா மட்டும் "இன்னும் அந்தக் கட்டிடம் பார்க்கலையே" என்று முன்னால் போய்க்கொண்டிருப்பார். வந்ததற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிற கணக்குதான் காரணம். அந்த வளாகம் சுமார் 16 ஏக்கர், ஆறு கட்டிடங்கள், 46 காட்சிக்கூடங்கள். நாணயம், கல்வெட்டு, திமிங்கல எலும்புக்கூடு, தஞ்சாவூர் அரண்மனை வாள்கள், ஆதிச்சநல்லூர் தாழிகள், விண்கல் என்று எல்லாம் ஒரே இடத்தில். பெரியவர்களாலேயே ஒரு நாளில் முடியாது.

இந்த வழிகாட்டி கலைக்கு மட்டும். வெண்கலச் சிலைகள், அமராவதிக் கற்கள், முடிந்தால் ஓவியங்கள், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம், ஐந்தாறு பொருள்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் நிதானமாக நிற்பது. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வெளியே இருக்கிற மரங்களும் பீரங்கிகளும் போதும், பதின்ம வயதுக்காரர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

எந்த நாள், எத்தனை மணிக்கு

வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல ஊர்களில் மியூசியம் என்றால் திங்கள்கிழமைதான் மூடியிருக்கும், அந்த நினைப்பில் வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை 9.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள்.

திறந்தவுடன் போய்விடுவது நல்லது. பிள்ளைகளுக்குக் காலையில்தான் மனசு தெளிவாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும், அதனால் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் போவது தண்டனை மாதிரி. கோடை விடுமுறையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் 9.30க்கு உள்ளே, 11.30க்கு வெளியே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், ஆனால் பொங்கல் சமயத்தில் வேண்டாம். காணும் பொங்கல் அன்று சுற்று வட்டாரமே அங்கே திரளும். அது ஒரு தனித் திருவிழா, வேடிக்கை பார்க்கப் போகலாம், சிலை பார்க்க முடியாது.

வார நாள்களில் பள்ளிப் பேருந்துகள் வரும். இருநூறு பிள்ளைகள் வரிசையாக வந்து, நடராஜரை நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போவார்கள். பதற வேண்டாம். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டால் பத்து நிமிடத்தில் கூடம் காலியாகிவிடும்.

முந்தின நாள் இரவு

பாடம் நடத்தாதீர்கள். சோழர் காலம், பல்லவர் காலம், எந்த நூற்றாண்டு என்று ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு அது இன்னொரு பள்ளி நாளாகிவிடும். அதற்குப் பதில் இரண்டு கதை சொல்லிவையுங்கள்.

ஒன்று, புதையல் கதை. அங்கே இருக்கிற வெண்கலச் சிலைகளில் பல மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. வயல் உழும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், கோயிலில் திருப்பணி நடக்கும்போதும் கிடைத்தவை. படையெடுப்பு வருகிறது என்று தெரிந்ததும் சிலைகளைக் குழி வெட்டிப் பத்திரமாகப் புதைத்திருக்கிறார்கள், புதைத்தவர்கள் திரும்பி வராமலே போயிருக்கிறார்கள், சிலைகள் நூற்றுக்கணக்கான வருஷம் இருட்டில் கிடந்திருக்கின்றன. 1878இல் வந்த புதையல் சட்டத்தின்படி இப்படிக் கிடைத்ததை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அந்த வழியாகத்தான் எழும்பூருக்கு நிறைய வந்து சேர்ந்தது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தூங்கிய பிள்ளை மறுநாள் ஒவ்வொரு சிலையையும் பார்த்து "இதுவும் மண்ணுக்குள்ள இருந்துச்சா?" என்று கேட்கும்.

இரண்டாவது, மதம் பிடித்த யானை நளகிரியின் கதை. அதை அமராவதிக் கற்கள் பக்கம் வரும்போது விரிவாகச் சொல்கிறேன், அங்கே அது கல்லிலேயே இருக்கிறது.

பாட்டி தாத்தா கூட இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். திருவாசகமோ தேவாரமோ தெரிந்த பாட்டி ஒருவர் கூட வந்தால் எந்த வழிகாட்டியும் வேண்டாம். ஒரே ஒரு ஏற்பாடு: "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பையில் என்ன

தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், தவறிப்போய் ஒரு கோடு எதன் மேலாவது விழுந்தால் அழியாது. கூடங்களுக்குள் சாப்பிடக் கூடாது, அதனால் கிளம்பும்போதே வயிறு நிறைய டிபன் கொடுத்துவிடுங்கள், நடுவில் வெளியே வந்து சாப்பிட வாழைப்பழமோ முறுக்கோ இருந்தால் போதும். செருப்பு ஷூ எல்லாம் நடக்க வசதியாக இருக்கட்டும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. உண்மையில் கேமரா இல்லாமல் போனால்தான் பிள்ளைகள் சிலையைப் பார்க்கிறார்கள், இருந்தால் சிலை முன்னால் நின்று போஸ் கொடுப்பதோடு சரி.

போய்ச் சேருவது

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் புறநகர் ரயிலும் வருகிறது, மெட்ரோவும் வருகிறது. அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம், சின்னப் பிள்ளைகளோடு என்றால் ஆட்டோ. ரயிலில் போகச் சொல்வேன், பிள்ளைகளுக்கு அதுவே பாதி சந்தோஷம்.

கேட்டில் நுழைந்ததும் மூன்று வேலை. டிக்கெட் வாங்குங்கள், விலை ஒரு சினிமா டிக்கெட்டின் பக்கத்தில்கூட வராது. எந்தெந்தக் கூடம் இன்றைக்குத் திறந்திருக்கிறது என்று கவுண்டரிலேயே கேளுங்கள், பழைய கட்டிடங்கள் என்பதால் எப்போதும் ஏதாவது ஒன்றில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கும். கழிப்பறை எங்கே என்று பார்த்து, அவசரம் இல்லை என்று சொல்கிற பிள்ளையையும் சேர்த்து, முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்.

அப்புறம் உடனே உள்ளே ஓடாமல் ஐந்து நிமிடம் வெளியிலேயே நில்லுங்கள். அந்தச் சிவப்புச் செங்கல் கட்டிடங்கள், வளைவுகள், தூண்கள், வட்டமாக நிற்கிற மியூசியம் தியேட்டர், இவையே ஒரு காட்சி. மியூசியம் 1851இல் தொடங்கியது, கல்கத்தாவுக்கு அடுத்து நாட்டிலேயே பழையது இதுதான். முதலில் நுங்கம்பாக்கத்தில் கல்லூரி நடந்த கட்டிடத்தில் இருந்தது, 1854இல் இங்கே வந்தது. அடுத்த வருஷமே அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் இதே வளாகத்தில் மிருகக்காட்சிசாலையும் ஆரம்பித்துவிட்டார். வண்டலூரில் இன்று இருக்கிற புலிகளின் முன்னோடிகள் இங்கேதான் கூண்டில் இருந்தன என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் சுற்றும் முற்றும் பார்க்கும். பழைய சென்னைக்காரர்கள் அந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ரொம்பவே பிடிக்கும், வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் வெண்கலக் கூடம்

மனசு புதிதாக இருக்கும்போதே மிகச் சிறந்ததைக் காட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. அதனால் நேரே வெண்கலக் கூடத்துக்கு. உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக வரிசையில் போக ஆரம்பிக்காதீர்கள். ஒரு சுற்று சும்மா நடந்துவிட்டு வாருங்கள், "உனக்கு எது பிடிச்சிருக்கு, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அது காட்டுகிற சிலை முன்னால் முதலில் நில்லுங்கள், அது நீங்கள் நினைத்த பிரபலமான சிலையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெயர்ப் பலகையைப் படிக்கத் தொடங்காமல் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி. நமக்கு வாய் சும்மா இருக்காது. "இது திருவாலங்காட்டு நடராஜர், சோழர் காலம்" என்று சொல்லி முடித்துவிட்டால் பிள்ளைக்கு அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை, விடை வந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் அதுவே ஆரம்பிக்கும்: "ஏன் கால்ல ஒருத்தரை மிதிச்சிட்டு இருக்காரு?"

கோயிலில் உற்சவரைப் பார்க்கிறோம், ஆனால் பட்டும் மாலையும் நகையும் சாத்தியிருப்பார்கள், முகமும் பாதமும் தெரிந்தால் பெரிது. இங்கே அதே மாதிரி மூர்த்திகள் அலங்காரம் இல்லாமல் நிற்கிறார்கள். இடுப்பு மடிப்பு, பூணூல் விழுகிற வளைவு, விரல் நுனி, எல்லாம் தெரிகிறது. பின்னால் சுற்றிப் போக முடிகிற சிலைகளுக்குக் கட்டாயம் பின்னால் போங்கள். சாமியின் முதுகைப் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள். சிற்பி அங்கேயும் முடியை ஒவ்வொரு சுருளாகச் செதுக்கியிருப்பதைக் காட்டுங்கள்.

பீடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். துளைகளும் வளையங்களும் இருக்கும். எதற்கு என்று கேளுங்கள். சப்பரத்தில் வைத்துக் கட்டவும், கழி செருகித் தோளில் தூக்கவும் என்பதை வீதியுலா பார்த்த பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தச் சிலைகள் ஓரிடத்தில் நிற்கச் செய்யப்பட்டவை இல்லை, தெருவுக்கு வருகிறவை என்று அப்போது புரியும்.

கும்பிட வேண்டும் என்று பாட்டி கையெடுத்தால் கும்பிடட்டும். "இது சாமியா, சிலையா?" என்று பிள்ளை கேட்டால் நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள், அங்கே நின்று பேச நல்ல விஷயம் அது.

தவறவிடக் கூடாத நான்கு

திருவாலங்காட்டு நடராஜர். நான்கு கைகளிலும் என்ன இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்: பின்வலக்கையில் உடுக்கை, பின்னிடக்கையில் தீ, முன்வலக்கை பயப்படாதே என்கிறது, முன்னிடக்கை தூக்கிய காலைக் காட்டுகிறது. காலடியில் மிதிபடுகிறவன் முயலகன், அறியாமையைக் குறிக்கிற குள்ள அசுரன். சுற்றிலும் நெருப்பு வட்டம் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிற மற்ற நடராஜர்களுக்கு இருக்கிறதா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு அதே மாதிரி நிற்கச் சொல்லுங்கள், வலது காலில் லேசாக முழங்காலை மடக்கி, இடது காலைக் குறுக்கே தூக்கி. பத்து விநாடி தாங்காது. விழாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு சிலையைத் திரும்பப் பார்க்கும்போது அந்த முகத்தில் இருக்கிற அமைதி வேறு மாதிரித் தெரியும். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மதராஸ் மியூசியத்து நடராஜர்களின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மயங்கிப்போய்ப் பக்கம் பக்கமாக எழுதினார், அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து 1921இல் அது அச்சாயிற்று. அவர் ஆசைப்பட்டதை நாம் ரயிலேறி வந்து நேரில் பார்க்கிறோம்.

திருவெண்காட்டு அர்த்தநாரி. 11ஆம் நூற்றாண்டு. இதற்கு ஒரே கேள்விதான்: "எத்தனை கை?" பிள்ளைகள் நான்கு என்று சொல்லிவிட்டு எண்ணுவார்கள், மூன்றுதான் வரும். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. அப்புறம் நடுவில் ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இடுப்பு, தோள், காது, உடை, கை வளையல், ஒவ்வொன்றும் வேறு. இரண்டு ஆளை ஒட்டவைத்தது மாதிரி இல்லாமல் ஒரே உடம்பாக எப்படி நிற்கிறது என்பதுதான் ஆச்சரியம். எனக்கு இந்தக் கூடத்திலேயே நடராஜரைவிட இதுதான் ஒரு படி மேல். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வடக்குப்பனையூர் ராமர் கூட்டம். ராமர், சீதை, லட்சுமணன், அனுமன். ராமர் கையில் வில் இருக்காது, ஆனால் விரல்கள் அதைப் பிடித்திருக்கும். "கையில என்ன இருந்திருக்கும்?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். உயர வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள், அனுமன் நிற்கிற விதத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொருவராக நின்று காட்டலாம், யார் அனுமன் என்பதில்தான் போட்டி வரும்.

நாகப்பட்டினம் புத்தர்கள். 1856இல் தொடங்கி அடுத்த எண்பது வருஷத்தில் நாகப்பட்டினத்தில் சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. ராஜராஜன் காலத்தில் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்கிற பௌத்த மடம் இருந்த ஊர் அது, கடல் கடந்து வந்த வணிகர்கள் கும்பிட்ட இடம். அந்தப் புத்தர்களின் தலைக்கு மேல் ஒரு சின்னச் சுடர் எழும்பி நிற்கும். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த மியூசியத்தில் பார்த்தாலும் "நாகப்பட்டினத்துப் புத்தர்!" என்பார்கள்.

இதோடு இங்கே போதும். மற்ற சிலைகள் நன்றாக இல்லை என்று இல்லை, பிள்ளையின் கொள்ளளவு அவ்வளவுதான்.

ஒரு கை மட்டும் வரை

வெண்கலக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் பத்து நிமிடம் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். முழுச் சிலையை வரையச் சொன்னால் பாதியில் அழித்து அழித்துக் கிழிப்பார்கள். ஒரே ஒரு கையை வரையச் சொல்லுங்கள். பயப்படாதே என்கிற அபய முத்திரையோ, பூவைப் பிடித்த அம்பாளின் கடக முத்திரையோ. வரைவதற்காகப் பார்க்கும்போது விரல்கள் எவ்வளவு நீளம், எங்கே மடங்குகிறது என்று கண் தானாகத் தேடும். நீங்களும் வரையுங்கள், உங்களுடையது அவர்களுடையதைவிட மோசமாக இருந்தால் இன்னும் நல்லது.

வழியை மறைத்து உட்காராமல் சுவரோரமாக உட்காருங்கள். காவலுக்கு இருக்கிற ஊழியர் முறைத்தால் "அண்ணே, பத்து நிமிஷம், பையன் வரைஞ்சுக்கறான்" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சிலர் அவர்களாகவே வந்து "அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, அதைப் பாத்தீங்களா?" என்று காட்டுவார்கள். வருஷக்கணக்கில் அந்தச் சிலைகளோடு இருக்கிறவர்கள், அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.

தொடக் கூடாது என்பதை எப்படிச் சொல்வது

"தொட்டா அடிப்பாங்க" என்று சொல்வதைவிட உண்மைக் காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். நம் கை வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் வெண்கலத்தில் சேர்ந்தால் வெளிர் பச்சையில் பொடிப்பொடியாக அரிக்க ஆரம்பிக்கும், இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். மண்ணுக்குள்ளிருந்து வந்த சிலைகளுக்கு இந்த நோய் வந்துகொண்டே இருந்ததால்தான் 1930களில் இந்த மியூசியத்திலேயே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்து வைத்தியம் பார்த்தார்கள். சிலைக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்தவர் தொட்டாலும் அதட்டும், அதையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால்: முதலில் மெழுகில் சிலை, அதன் மேல் காவிரி வண்டல் மண் பூச்சு, பூச்சு காய்ந்ததும் சூடு காட்டினால் உள்ளே இருக்கிற மெழுகு உருகித் துளை வழியாக வெளியே ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் அதே சிலை இரண்டாவது வராது. சுவாமிமலையில் இன்றைக்கும் ஸ்தபதிகள் இதே முறையில்தான் வார்க்கிறார்கள்.

நடுவில் வெளியே வாருங்கள்

இவ்வளவுக்கும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர், பழம். பிள்ளைகள் ஓடட்டும், பீரங்கிகளை எண்ணட்டும். இருபது நிமிடம் முழுசாகக் கொடுங்கள். இந்த இடைவேளையைச் சுருக்கினால் அடுத்த கூடம் வீண்.

அமராவதிக் கற்கள்

ஆந்திராவில் குண்டூர் பக்கம் கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் துண்டுகள் இவை. கி.மு. 2ஆம் நூற்றாண்டு தொடங்கி கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கியவை, வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல். ஊர்க்காரர்கள் கட்டிடத்துக்குக் கல் எடுத்துக்கொண்டிருந்தபோது 1797இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி பார்த்தார், 1845இல் இன்னொரு கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பினார், அதில் ஒரு பகுதி 1859இல் கப்பலேறி லண்டன் போய்விட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் இருக்கிறது. "ஏன் திருப்பித் தரலை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆந்திராக்காரர்கள் நம்மைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இங்கே தேட வேண்டியது வட்டமான கல் ஒன்று, நளகிரி யானை. புத்தருக்கு வேண்டாதவர்கள் யானைக்கு மதுவைக் கொடுத்து ராஜகிருகத்துத் தெருவில் அவர் வரும்போது அவிழ்த்துவிடுகிறார்கள். கல்லில் பாருங்கள்: யானை ஒரு பக்கம் ஆளைத் தூக்கி எறிந்து மிதித்துக்கொண்டு வருகிறது, மக்கள் சிதறுகிறார்கள், மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், பயந்துபோன பெண் ஒருத்தி பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னொரு பக்கம் யானை புத்தர் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. "எத்தனை யானை?" என்று கேளுங்கள். இரண்டு என்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் ஒருத்தர், அநேகமாக காமிக்ஸ் படிக்கிற பிள்ளை, "ரெண்டும் ஒரே யானைதான்" என்று பிடித்துவிடும். கட்டம் போடாத காமிக்ஸ், கிட்டத்தட்ட 1,800 வருஷம் பழையது.

இன்னொரு விளையாட்டு: மற்ற கற்களில் புத்தரைத் தேடச் சொல்லுங்கள். பல கற்களில் அவர் ஆளாகவே இருக்க மாட்டார். காலியான ஆசனம், இரண்டு பாதச் சுவடு, ஒரு சக்கரம், ஒரு மரம், அவ்வளவுதான் இருக்கும், சுற்றிலும் எல்லோரும் அந்தக் காலி இடத்தைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளை வரையாமல் ஆள் இருப்பதைக் காட்டுவது எப்படி என்று நோட்டில் முயற்சி செய்யலாம். பாட்டியை வரையாமல் பாட்டியைக் காட்டு என்றால் மூக்குக் கண்ணாடியும் வெற்றிலைப் பெட்டியும் வரும்.

அரை மணி நேரம் தாண்ட வேண்டாம்.

தெம்பு இருந்தால் ஓவியங்கள்

பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். களைத்துவிட்டார்கள் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் இதற்கென்றே வரலாம்.

வளாகத்திலேயே அழகான கட்டிடம் தேசிய கலைக்கூடம். ஹென்றி இர்வின் வடிவமைப்பு, நம்பெருமாள் செட்டியார் கட்டியது, இளஞ்சிவப்புக் கல், 1909இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்தது. உள்ளே போக முடியாத நாளிலும் வெளியே நின்று முகப்பைப் பார்க்கலாம்.

மியூசியத்தின் ஓவியத் தொகுப்பில் ரவி வர்மாவும் தஞ்சாவூர் ஓவியங்களும்தான் பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டும். ரவி வர்மா படத்தின் முன்னால் துணியைப் பார்க்கச் சொல்லுங்கள்: பட்டா, பருத்தியா, சரிகை எங்கே மின்னுகிறது, கிட்டப் போனால் அந்த மின்னல் வெறும் மஞ்சள் தீற்றலாக ஆகிவிடுகிறதா. நம் வீட்டுக் காலண்டர் லட்சுமியும் சரஸ்வதியும் அவர் 1894இல் தொடங்கிய அச்சகத்திலிருந்து கிளம்பிய வழியில் வந்தவர்கள்தான் என்று சொன்னால் பாட்டியும் ஆர்வமாகிவிடுவார். தஞ்சாவூர் ஓவியத்தை நேராகப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், நகைகளும் தூண்களும் மேடாக எழும்பியிருப்பது தெரியும். பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடாக்கி, கல் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டியது.

நவீன ஓவியத்தின் முன்னால் "இதுல என்ன இருக்கு, நானே வரைவேன்" என்று பிள்ளை சொல்லும். அப்பாவும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். சரி, வரை என்று நோட்டைக் கொடுங்கள்.

குழந்தைகள் பகுதியைக் கடைசியில் வையுங்கள்

வளாகத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு மியூசியமும் வாசலில் டைனோசரும் உண்டு. திமிங்கல எலும்புக்கூடு விலங்கியல் பகுதியில் இருக்கிறது. இதையெல்லாம் முதலில் காட்டிவிட்டால் அதற்கப்புறம் நடராஜரை யார் பார்ப்பார்கள்? கடைசியில் வைத்து, "ரெண்டு கூடம் நல்லா பாத்தா டைனோசர்" என்று சொல்லிவிடுங்கள். லஞ்சம்தான், பரவாயில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகள்

இவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடியாது. ஒரு மணி நேரம் தனியாக விட்டுவிடுங்கள், ஒரே ஒரு வேலை கொடுங்கள்: இங்கிருந்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் எதை எடுப்பாய், ஏன். திரும்பி வந்து சொல்லட்டும், நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள். சண்டை வந்தால் நல்ல அறிகுறி. இவர்களுக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கற்கருவிகளும் பிடிக்கலாம். 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடரி ஒன்றை எடுத்து இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததென்று காட்டியவர், அவருடைய சேகரிப்பு இந்த மியூசியத்துக்கு வந்தது. தாம்பரம் ரயிலில் தினமும் கடக்கிற பல்லாவரமா என்று கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

"என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். நோட்டில் வரைந்த கையைக் கதவிலோ பிரிட்ஜிலோ ஒட்டிவையுங்கள். இரண்டு நாள் கழித்துக் களிமண் வாங்கிக் கொடுத்தால் சிலை செய்வார்கள். மெழுகு வார்ப்பைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால், மெழுகில் சின்ன மீன் ஒன்று செய்து, ஒரு துளை விட்டுக் களிமண்ணால் மூடி, நன்றாக நிழலில் காயவிட்டு, ஓவனில் தட்டின் மேல் துளை கீழே பார்க்க 100 டிகிரியில் வைத்தால் மெழுகு வழிந்துவிடும். ஆறியதும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் மண்ணை உடைக்கலாம். சூடு சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் பெரியவர்கள் கையில்.

அடுத்து எங்கே என்றால், நவீன ஓவியம் பிடித்த பிள்ளைக்கு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கியது, ஓவியர்கள் வாழ்ந்து வேலை செய்கிற இடம். வெண்கலம் பிடித்த பிள்ளைக்குத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். எழும்பூரில் அர்த்தநாரியைப் பார்த்து மயங்கியிருந்தால் அதே திருவெண்காட்டு மண்ணிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார், தலையில் பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, இல்லாத காளையின் மேல் கையைச் சாய்த்துக்கொண்டு. போகிற வழியில் சுவாமிமலையில் இறங்கி வார்ப்புப் பட்டறை ஒன்றையும் பார்த்துவிடலாம், கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள்.